பழம்பொருள் மறுவிற்பனை: வரவும் ஆதாயமும்

பெங்களூரு மாநகரில் சிக்பேட்டையை ஒட்டிய தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் பழம்பொருள் சந்தை ஒன்று கூடுகிறது. கடைகள் அடைத்திருக்கும் நடைபாதையில் சாக்கை விரித்து, பழைய கைக்கடிகாரங்கள், தொலைபேசிகள், வானொலிப் பெட்டிகள், நிழற்படக் கருவிகள், பித்தளைப் பாத்திரங்கள், தொழிற்கருவிகள், உடைகள் முதலியவற்றைப் பரப்பி வைக்கின்றனர். அருகிலுள்ள அவென்யூ சாலையோ பழைய பாடப் புத்தகங்களுக்குப் பெயர் பெற்றது. 1945-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செலக்ட் புத்தகக் கடை போன்றவை பழைய நூல் வணிகத்திற்கு ஒரு மரபையே உண்டாக்கியுள்ளன. ஒருவர் கழித்ததை மற்றொருவர் விரும்பி வாங்குவது இந்நகருக்குப் புதிய செய்தியன்று.

புதியதாக வந்துள்ளது விற்பனை நடைபெறும் இடமேயாகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைபாதையில் வாங்கிய பொருள், அன்று மாலையே துடைத்துப் படமெடுக்கப்பட்டு, கைபேசி வழியாக நாடெங்கும் உள்ள வாடிக்கையாளர்களின் பார்வைக்குச் செல்கிறது. மாணவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றோர், வேலை இழந்தோர் எனப் பல திறத்தினரும் இம்மறுவிற்பனையில் ஈடுபடுகின்றனர். கடை வாடகை இல்லை. பெரிய முதலீடு தேவையில்லை. தேர்ந்த கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது. அது கணக்கேடு. அஃதின்றி இத்தொழிலில் ஆதாயம் உண்டா, இல்லையா என்பதையே அறிய இயலாது என்பதும், சட்டம் அளிக்கும் சலுகையையும் பெற இயலாது என்பதும் இவ்வுரையின் கருத்தாகும்.

பொதுத்துறையின் பழைய படைப்புகள்

பெங்களூரில் பழமை மதிப்புப் பெற்றுள்ள பொருள்களுள் பல, பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் உருவானவை. 1948-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, சுழல் எண்வட்டு கொண்ட தொலைபேசிகளை நாட்டுக்கு வழங்கியது. 1953-இல் தோன்றிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், ஜப்பான் நாட்டின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுறவு கொண்டு 1961-இல் இந்நகரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா முதலிய எச்எம்டி கடிகாரங்கள் ஒரு தலைமுறையின் திருமணப் பரிசாகவும், பணி ஓய்வு நாளின் நினைவுப் பொருளாகவும் விளங்கின. எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. உற்பத்தி குன்றியபின் பழைய கடிகாரங்களைத் தேடுவோர் தொகை பெருகியது. மேசை இழுப்பறையில் ஓடாமல் கிடந்த கடிகாரத்திற்கு மீண்டும் ஒரு விலை கிடைத்தது.

நாட்டு வருமானக் கணக்கில் இத்தகைய விற்பனைக்கு உள்ள இடம் சிந்திக்கத்தக்கது. ஒரு கடிகாரம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஆண்டிலேயே அது உற்பத்தியாகக் கணக்கிடப்பட்டுவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அது கைமாறும்போது, அதன் முழு விலையையும் மீண்டும் உற்பத்தியாகக் கொள்வதில்லை. அதைத் தேடிக் கண்டெடுத்து, பழுது நீக்கி, வேண்டுவோரிடம் சேர்ப்பித்த வணிகரின் சேவையே புதிய மதிப்பாகும். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அச்சேவையின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. பொருளியல் மாணவர் இதனை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். விற்ற தொகை எவ்வளவு பெரிதாக இருப்பினும், மறுவிற்பனையாளர் உண்டாக்கிய மதிப்பு அந்த வித்தியாசத்திற்குள்ளேயே அடங்கியுள்ளது. வாங்கிய விலையைக் குறித்து வைக்காதவர் அந்த வித்தியாசத்தைக் காட்ட இயலாது. பல நேரங்களில் தாமே அறியவும் இயலாது.

ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கணக்கு

மளிகைக் கடையில் ஒரு மூட்டை அரிசிக்கும் மற்றொரு மூட்டை அரிசிக்கும் வேறுபாடில்லை. ஆகையால் சராசரி விலையைக் கொண்டு இருப்பை மதிப்பிடலாம். பழம்பொருள் வணிகத்தில் ஒரு பொருள் மற்றொன்றைப் போன்றதன்று. ஒரே வகைக் கடிகாரங்கள் இரண்டில் ஒன்று ரூ. 300-க்கும் மற்றொன்று ரூ. 900-க்கும் வாங்கப்பட்டிருக்கலாம். ஒன்றுக்கு எண்ணெய் இட்டாலே போதும். மற்றொன்றுக்கு உள்ளுறுப்பையே மாற்ற வேண்டும். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வகுத்துள்ள இருப்பு மதிப்பீட்டுக் கணக்குத் தரம், ஒன்றுக்கொன்று ஈடாகாத பொருள்களின் அடக்க விலையை ஒவ்வொன்றாகத் தனித்து அடையாளங்கண்டு குறிக்க வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட விதியாயினும், வீட்டுத் திண்ணையில் பத்துக் கடிகாரங்களை வைத்திருப்பவருக்கும் இதுவே ஏற்ற வழியாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. ஞாயிற்றுச் சந்தையில் சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரம் ஒன்று ரூ. 600-க்கு வாங்கப்படுகிறது, இணையத்தின் வழியே கர்நாடகத்திற்குள் ரூ. 1,800-க்கு விற்கப்படுகிறது. ரூ. 1,200 ஆதாயம் என்று விற்பவர் மகிழ்வது இயல்பே. ஆனால் கடிகாரத்தைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்ட கூலி ரூ. 350, புதிய தோல்வார் ரூ. 150, சந்தைக்குச் சென்று வந்த செலவில் இக்கடிகாரத்தின் பங்கு ரூ. 40. விற்பனைக்கு ஆயத்தமாகும்போதே அதன் அடக்க விலை ரூ. 1,140 ஆகிவிடுகிறது. விற்றபின் இணையதளத்தின் கட்டணமும் அதன் மீதான வரியும் ரூ. 250, பெட்டியும் பொதியும் ரூ. 40, கூரியர் ரூ. 90. ஆக விற்பனைச் செலவு ரூ. 380. மொத்தச் செலவு ரூ. 1,520 போக எஞ்சுவது ரூ. 280. தேடுதல், படமெடுத்தல், விவரம் எழுதுதல், விசாரிப்போருக்கு மறுமொழி கூறுதல், அஞ்சலில் சேர்த்தல் ஆகியவற்றுக்கு நான்கு மணி நேரம் செலவாகியிருந்தால், மணிக்கு ரூ. 70 கிடைத்துள்ளது.

இனி, இவ்வாறே பத்துக் கடிகாரங்கள் வாங்கப்பட்டதாகக் கொள்ளலாம். அவற்றுள் எட்டு விற்றன. ஒன்று வாடிக்கையாளரிடம் சென்று திரும்பி வந்தது. தளத்தின் கட்டணம் விலக்கப்பட்டபோதிலும், பொதிச் செலவும் இருவழிக் கூரியரும் சேர்ந்து ரூ. 220 வீணாயிற்று. மற்றொன்று விலை போகவில்லை. வங்கிக் கணக்கில் வரவு ரூ. 14,400. கையிலிருந்து சென்றதோ, பத்துக் கடிகாரங்களின் அடக்கம் ரூ. 11,400, எட்டு விற்பனைகளின் செலவு ரூ. 3,040, திரும்பிய பொருளின் செலவு ரூ. 220, மொத்தம் ரூ. 14,660. ரொக்கத்தில் ரூ. 260 குறைகிறது. ஏட்டின்படி ஆதாயம் ரூ. 2,020 உண்டு. ஆயினும் அந்த ஆதாயம் முழுவதும், அதற்கு மேலும், விற்காத இரு கடிகாரங்களின் அடக்கமான ரூ. 2,280-இல் முடங்கியுள்ளது.

அவ்விரு கடிகாரங்களும் செலவு போகத் தலா ரூ. 800-க்கே விற்கக்கூடியவை எனில், இருப்பின் மதிப்பு ரூ. 1,600 ஆகக் குறைகிறது, ஆதாயமும் ரூ. 1,340 ஆகச் சுருங்குகிறது. அடக்க விலை, விற்றுப் பெறக்கூடிய நிகரத் தொகை ஆகிய இரண்டில் குறைந்ததையே இருப்பின் மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்பது கணக்கியலின் பழைய விதி. பழம்பொருள் வணிகருக்கு இவ்விதி இன்றியமையாதது. பொருள்களின் மேல் கொண்ட பற்றினால் அவற்றின் மதிப்பை மிகைப்படுத்திக்கொள்வது இத்தொழிலுக்கே உரிய இடர். பரண் நிறைய இருப்பு வைத்துக்கொண்டு, தொழில் வளர்வதாக எண்ணி, வீட்டுச் செலவுப் பணத்தை மேலும் மேலும் கொள்முதலில் இடுவோர், தம் முதலைத் தாமே உண்டு வருகின்றனர் என்பதை ஏடு ஒன்றே எடுத்துக்காட்டும்.

ஏட்டின் அமைப்பு

இக்கணக்கை எழுதுவதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. கோடிட்ட நோட்டுப் புத்தகமோ, கணினி அட்டவணையோ போதும். ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய அன்றே ஒரு வரிசை எண் கொடுத்து, அவ்வெண்ணைச் சிறு சீட்டில் எழுதிப் பொருளுடன் கட்டிவிட வேண்டும். ஏட்டில் அந்த எண்ணுக்கு நேராக, வாங்கிய நாள், இடம், விற்றவர் விவரம், பொருளின் அடையாளம், கொள்முதல் விலை ஆகியவை இடம்பெற வேண்டும். பழுதுபார்த்த செலவைக் கொள்முதல் விலையோடு கலந்துவிடாமல் தனிப் பத்தியில் எழுதுவது முக்கியம். அதற்கான காரணம் பின்னர் விளங்கும். அடுத்து, விற்ற நாள், விற்ற விலை, பொருள் சென்ற மாநிலம், தளத்தின் கட்டணம், பொதி, கூரியர், பிடித்தம் செய்யப்பட்ட வரி, கையில் வந்த தொகை, எஞ்சிய ஆதாயம் ஆகிய பத்திகள் வேண்டும். திரும்பிய பொருளுக்கு முந்திய பதிவை அடிக்காமல் புதிய வரி எழுத வேண்டும். மாதக் கடைசியில் விற்காத சீட்டுகளை எண்ணி ஏட்டுடன் ஒப்பிட வேண்டும்.

நடைபாதையில் வாங்கும் பொருளுக்கு ரசீது கிடைப்பதில்லை என்பது உண்மையே. அதற்காகப் பதிவைக் கைவிட வேண்டியதில்லை. வாங்குபவரே ஒரு கொள்முதல் சீட்டு எழுதி, இயன்றவரை விற்பவரின் பெயரையும் கையொப்பத்தையும் பெறலாம். பொருளை வாங்கிய இடத்திலேயே படமெடுத்து வைக்கலாம். தொகையை யுபிஐ வழியே செலுத்தினால் நாளும் தொகையும் தாமாகவே பதிவாகிவிடுகின்றன.

இணையதளமே எல்லாவற்றையும் பதிவு செய்கிறதே, தனி ஏடு எதற்கு என்ற கேள்வி எழலாம். தளம் அறிந்தது விற்பனையை மட்டுமே. கொள்முதல் விலையையும், பழுதுபார்த்த கூலியையும், சந்தைக்குச் சென்ற செலவையும் அது அறியாது. தளங்கள் நிலையானவையும் அல்ல. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய பாஸி டாட் காம் என்ற இந்திய ஏலத்தளத்தை 2004-இல் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் வாங்கியது. அதன் இந்தியப் பிரிவு 2017-இல் பெங்களூரைச் சேர்ந்த ஃபிளிப்கார்ட் வசம் வந்தது. 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியத் தளம் மூடப்பட்டது. சரக்கு, சேவை வரிச் சட்டமோ கணக்கேடுகளை ஆண்டறிக்கை அளிக்க வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாக்குமாறு பதிவு பெற்றவர்களைப் பணிக்கிறது. மற்றொருவர் வசமுள்ள பதிவை நம்பி இக்கடமையை நிறைவேற்ற இயலாது.

பெங்களூரின் அண்மைக்கால அனுபவம்

வரவுக்கும் ஆதாயத்திற்கும் உள்ள வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை 2025-ஆம் ஆண்டில் கர்நாடக மாநிலம் கண்கூடாகக் கண்டது. அவ்வாண்டு ஜூலையில் மாநில வணிகவரித் துறை, 2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவுகளை ஆராய்ந்து, பதிவு செய்துகொள்ள வேண்டிய வரம்பைக் கடந்ததாகத் தோன்றிய ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. காய்கறி, பால் போன்ற வரிவிலக்குப் பொருள்களை விற்போரும் அவர்களுள் இருந்தனர். பெங்களூரின் பல சிறு கடைகளில் “யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்” என்ற அட்டைகள் தொங்கின. வணிகர்கள் போராட்டம் அறிவித்தனர். மாநில முதலமைச்சர் அவர்களுடைய பிரதிநிதிகளுடன் பேச்சு நடத்தியபின், வரிவிலக்குப் பொருள்களுக்கு வரி கோரப்படாது என்று தெளிவாக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. சட்டம் வரம்பாகக் கொள்வது விற்றுமுதலையே, ஆதாயத்தை அன்று. சரக்கு மட்டும் விற்போருக்கு கர்நாடகத்தில் இவ்வரம்பு ஆண்டுக்கு ரூ. 40 லட்சம். ஆகவே துறை விற்றுமுதலை நோக்கியது இயல்பே. ஆனால் வங்கிக்கு வந்த தொகை யாவும் விற்றுமுதலாகிவிடாது. உறவினர் திருப்பித் தந்த கடனும், நண்பர்கள் பகிர்ந்துகொண்ட செலவும், சொந்தக் கட்டிலை விற்ற பணமும் அதே கணக்கில் வந்து சேர்கின்றன. எது எதற்கான வரவு என்று பிரித்துக்காட்ட ஏடு இருந்தவருக்கு மறுமொழி எழுதுவது எளிது. ஏடு இல்லாதவருக்கு வங்கி அறிக்கையே எதிர்ச்சாட்சியாக நின்றது. ரொக்கத்திற்குத் திரும்புவது இதற்கு மருந்தாகாது. தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கும், அதற்கு இணையான ஏடும் வைத்திருப்பதே தக்க வழியாகும்.

வித்தியாசத்தின் மீதான வரி

பழம்பொருள் வணிகருக்குச் சரக்கு, சேவை வரிச் சட்டம் ஒரு தனிச் சலுகை அளித்துள்ளது. பழைய பொருள்களை அப்படியேயோ, அவற்றின் இயல்பு மாறாத வகையில் சிறிது செப்பனிட்டோ விற்கும் பதிவு பெற்ற வணிகர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி செலுத்தலாம். அப்பொருளின் கொள்முதலுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு பெற்றிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நாட்டு வருமானக் கணக்கின் கொள்கையே இங்கு வரிக் கொள்கையாகவும் அமைந்துள்ளது. புதிய பொருளாக விற்றபோது ஒருமுறை வரி செலுத்தப்பட்ட பொருளுக்கு, கைமாறும்போதெல்லாம் முழு விலையின் மீது வரி விதித்தால் மறுவிற்பனையே நடவாது.

முன்னர்க் கண்ட கடிகாரத்தையே எடுத்துக்கொண்டால், வாங்குபவர் செலுத்தும் ரூ. 1,800-க்குள் 18 சதவிகித வரியும் அடங்கியுள்ளதாகக் கொள்ளலாம். கொள்முதல் விலை ரூ. 600 என்று காட்ட முடிந்தால், ரூ. 1,200 வித்தியாசத்தில் அடங்கிய வரி ஏறத்தாழ ரூ. 183. காட்ட முடியாவிடில், முழு விலையில் அடங்கிய வரி ஏறத்தாழ ரூ. 275. கட்டணங்களின் மீது கிடைக்கக்கூடிய வரிக் கழிவை விட்டுப் பார்த்தால், ரூ. 280 உபரியில் முதல் நிலையில் ரூ. 97 மிஞ்சுகிறது, இரண்டாவது நிலையில் ரூ. 5 மட்டுமே மிஞ்சுகிறது. நான்கு மணி நேர உழைப்பின் ஊதியம் ஒரு கொள்முதல் சீட்டைச் சார்ந்து நிற்கிறது.

இவ்விதியில் மேலும் இரண்டு நுட்பங்கள் உள்ளன. கழிக்கப்படுவது கொள்முதல் விலையே. பழுதுபார்த்த கூலி அதில் சேராது. இவ்விரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுத வேண்டும் என்று மேலே கூறப்பட்டது இதனாலேயே. மேலும், வாங்கிய விலையை விடக் குறைத்து விற்க நேர்ந்தால், அந்த வித்தியாசம் கணக்கில் கொள்ளப்படாது. ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் தனித்தனியே கணக்கு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பொருள் சென்ற மாநிலத்தை ஏன் எழுத வேண்டும் என்பதற்கும் சட்டத்திலேயே விடை உள்ளது. முன்பு இணையதளத்தின் வழியே சரக்கு விற்றவர், விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்கு உட்பட்டு மாநிலத்திற்குள் மட்டும் விற்போருக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் வரித்தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். மாநில எல்லையைக் கடந்தால் இவ்விலக்கு இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு கடிகாரத்தைத் தொலைவிலுள்ள பெல்லாரிக்கு அனுப்பலாம். அத்திப்பள்ளியைத் தாண்டி, அண்மையிலுள்ள ஒசூருக்கு அனுப்பினால் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் சிறு விற்பனையாளர் தவறிழைப்பது எளிது. அச்சிட்ட நூல்களுக்கோ சரக்கு, சேவை வரி இல்லை. வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதும் இல்லை. நூல்களோடு பழைய பேனாக்களையும் விற்பவர், இவ்விரண்டின் விற்பனையையும் பிரித்து எழுதுவது நன்று.

வருமான வரி

வருமான வரி ஆதாயத்தின் மீது விதிக்கப்படுவது. ஒருவர் தம் வீட்டில் பயன்படுத்திய மேசை, நாற்காலி, உடை ஆகியவற்றை எப்போதேனும் விற்பதற்கும், விற்பதற்கென்றே வாங்கித் தொடர்ந்து விற்பதற்கும் வேறுபாடு உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்குரிய அசையும் பொருள்கள் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. நகைகள், ஓவியங்கள், சிற்பங்கள், தொல்பொருள் சேகரிப்புகள், கலைப் பொருள்கள் ஆகியவை இதற்கு விலக்கு. விற்பதற்கென்றே வாங்குபவருடைய ஆதாயமோ வணிக வருமானமாகும். சொந்தப் பொருளை விற்றதையும் வணிகத்தையும் ஒரே ஏட்டில் கலந்தெழுதுபவர், பின்னர் எதை எதுவென்று மெய்ப்பிக்க இயலாமல் திகைப்பார்.

இணையதள நிறுவனம் விற்பனையாளருக்குத் தொகை வழங்கும்போது வருமான வரிப் பிடித்தம் செய்யும் முறை 2020 அக்டோபர் 1-இல் தொடங்கியது. 2024 அக்டோபர் 1 முதல் அது 0.1 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. தனிநபர்களுக்கு ஆண்டு விற்பனை ரூ. 5 லட்சத்திற்கு மேற்படாத வரையில், நிரந்தரக் கணக்கு எண்ணோ ஆதாரோ அளித்திருந்தால், இப்பிடித்தம் இல்லை. பிடிக்கப்பட்ட வரி விற்பனையாளருக்குச் சேர வேண்டிய வரவாகும். அதனைச் செலவாக எழுதி மறந்துவிடுவோர் தம் பணத்தையே இழக்கின்றனர்.

சிறு வணிகர்கள் விற்றுமுதலில் 8 சதவிகிதத்தை, மின்னணு வழி வரவாயின் 6 சதவிகிதத்தை, ஆதாயமாகக் காட்டி, விரிவான கணக்கேடின்றி வரி செலுத்தும் ஏற்பாடும் உள்ளது. மேற்கண்ட ரூ. 14,400 விற்பனைக்கு இது ரூ. 864. இவ்வேற்பாடு வரி செலுத்தும் சுமையைக் குறைக்கிறது. ஆயினும், உண்மையான ஆதாயம் ரூ. 2,020-ஆ, ரூ. 1,340-ஆ, அன்றி நட்டமா என்பதை அது விற்பவருக்குத் தெரிவிப்பதில்லை. வரி அலுவலகத்திற்கு வேண்டாத ஏடு, குடும்பத்திற்கு வேண்டியதாகிறது.

நம்பிக்கையும் பாதுகாப்பும்

பழைய பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். இந்த அறிவு ஏற்றத்தாழ்வு நல்ல பொருள்களையும் சந்தையிலிருந்து விரட்டிவிடக்கூடும் என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார். 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். எச்எம்டி கடிகாரச் சந்தையில் இதனை நேரில் காணலாம். முகப்புத் தட்டுக்குப் புதுச் சாயம் பூசியும், வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்தும் விற்கப்படுபவை பல. எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று ஏட்டிலும் விளம்பரத்திலும் ஒளிவின்றி எழுதுபவருக்குத் திரும்பி வரும் பொருள்கள் குறையும். ஒரே வாடிக்கையாளர் மீண்டும் வருவார். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும், விளம்பரத்தில் கூறிய தன்மைக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று விற்பனையாளருக்கு விதித்துள்ளன.

சில பொருள்களை வாங்காமலிருப்பதே நன்று. திருட்டுப் பொருளை விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு, பொதுவாக அப்பொருளின் மேல் உரிமை உண்டாவதில்லை. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ நேர்மையின்றி அதைப் பெறுவது குற்றமாகும். பழைய கைபேசிகளின் அடையாள எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொள்ளும் வசதி 2023 முதல் உள்ளது. நூறு ஆண்டுகள் கடந்த சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள், நாணயம் முதலியவையும், வரலாற்று, இலக்கிய மதிப்புடைய எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்த கையெழுத்துப் படிகளும், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்கீழ் வருபவை. 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையிலுள்ள அச்சட்டம், உரிமம் இன்றித் தொல்பொருள் வணிகம் செய்வதையும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் தடை செய்கிறது. உரிமம் பெற்ற வணிகரும் பதிவேடுகளும் நிழற்படங்களும் வைத்திருக்க வேண்டும். யானைத் தந்தப் பொருள்கள் எவ்வளவு பழையனவாயினும் வணிகத்திற்கு உரியவையல்ல. எங்கு, யாரிடம், எப்போது வாங்கியது என்ற பதிவு, விசாரணை வரும் நாளில் நேர்மையான வணிகருக்குத் துணை நிற்கும்.

அலுவலர்கள் செய்யத்தக்கவை

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ஆய்வுப்படி, 2023-24-இல் நாட்டில் நிறுவனமாகப் பதிவு பெறாத, வேளாண்மை சாராத தொழிலகங்கள் 7.34 கோடி இருந்தன; முந்திய ஆண்டில் இத்தொகை 6.50 கோடி. இவற்றுள் இணையத்தைப் பயன்படுத்தியவை 21.1 சதவிகிதத்திலிருந்து 26.7 சதவிகிதமாக உயர்ந்தன. ஆய்வாளர் வீட்டு வாசலில் நின்று வினவும்போது, சிறு தொழில் புரிவோர் தரும் மறுமொழியின் தரம் அவர்தம் ஏட்டின் தரத்தையே பொறுத்தது. ஏடில்லாதவர் வங்கி வரவையே வருமானமாகக் கூறலாம். அன்றி ஒன்றுமே மிஞ்சவில்லை என்றும் கூறலாம். இரண்டுமே கொள்கை வகுப்போருக்குப் பிழையான படத்தைத் தரும்.

ஆகவே சில எளிய நடவடிக்கைகள் கருதத்தக்கன. கன்னடம், தமிழ் முதலிய மொழிகளில் ஒரே பக்கத்தில் அடங்கும் மாதிரி ஏட்டை வணிகவரி அலுவலகங்களும் தொழில் மையங்களும் வழங்கலாம். ரசீது இல்லாத கொள்முதலுக்கு ஏற்கத்தக்க ஒரு கொள்முதல் சீட்டின் மாதிரியையும் அதனுடன் அளித்தால், வித்தியாசத்தின் மீதான வரிச் சலுகை சிறியவர்களுக்கும் எட்டும். அறிவிப்பு அனுப்பும் முன்னர், வரவு, விற்றுமுதல், வரிக்குரிய மதிப்பு, ஆதாயம் ஆகிய நான்கும் வெவ்வேறு என்பதை விளக்கும் அறிவுரைக் கடிதம் அனுப்புவது அச்சத்தைக் குறைக்கும். கல்லூரிகளின் வணிகவியல் மாணவர்கள் ஒரு பருவத்திற்கு ஒரு சிறு விற்பனையாளரின் ஏட்டை எழுத உதவினால், பாடநூலில் படித்த இருப்பு மதிப்பீடு அவர்களுக்கு உயிருள்ள பாடமாகும்.

சிக்பேட்டைத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் குனிந்து ஒரு பழைய கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பவர், குப்பைக்குச் செல்ல வேண்டியதைப் பயனுக்குக் கொண்டுவருகிறார். அவர் உண்டாக்கும் மதிப்பு சிறிதாயினும் மெய்யானது. அதனை நாடு கணக்கிடவும், சட்டம் மதிக்கவும், அவர் குடும்பம் துய்க்கவும் வேண்டுமெனில், பணத்தைக் கொடுத்துப் பொருளைப் பையில் இடும் முன்னர், வாங்கிய விலையை ஏட்டில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.